சாயக்காரர் வீட்டுப் பெண்

இந்தப் பக்கத்தில் வழக்கமாக நூல், துணி, தையல் என்று நம் பிழைப்பைப் பற்றித்தான் பேசுவோம். இந்த வாரம் ஒரு ஓவியம். "பனியன் கம்பெனிக்கும் ஓவியத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். படத்தில் மாதாவுக்குக் கீழே மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் சாயக்காரர் மகள். ஒருவர் ஊசி வேலை செய்து பெற்றவர்களைக் காப்பாற்றியவர். இன்னொருவர் ஒன்பது வயதிலேயே சாக்குத்துணி உடுத்துகிற மடத்துக்குப் போனவர். சேவூரிலிருந்து திருப்பூருக்குப் போகும் கம்பெனி வண்டியில் இந்த மூவரையும் ஏற்றிவிட்டால், பக்கத்து சீட்டுக்காரியோடு பேச அவர்களுக்கு விஷயம் நிறையவே இருக்கும்.

அவிநாசி தாண்டி கோவை ரோட்டில் போனால் கருமத்தம்பட்டி. அங்கே ஜெபமாலை மாதா கோயில் இருக்கிறது. கொங்கு நாட்டின் பழைய கத்தோலிக்கக் கோயில்களில் ஒன்று. அக்டோபர் திருவிழாவுக்கு நம் பக்கத்து ஜனங்களும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார்கள். அதே ஜெபமாலை மாதாவின் பெயரில் இத்தாலி நாட்டு வெனிஸ் நகரத்திலும் ஒரு கோயில் உண்டு. சாந்தா மரியா தெல் ரொசாரியோ என்பது அதன் பெயர். ஊர்க்காரர்களுக்கு அது 'ஜெசுவாத்தி'. தண்ணீர்க் கரையோரம் நிற்கும் அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் தோமினிக் சபைத் துறவிகள். தோமினிக் என்றால் யாரோ என்று நினைக்காதீர்கள். நம்மூர்க் கத்தோலிக்கர்கள் 'சாமிநாதர்' என்று தமிழில் அழைக்கிறார்களே, அவர்தான்.

1743-ல் அபிஷேகம் ஆன அந்தக் கோயிலின் மேற்கூரையிலேயே, சாமிநாதர் ஜனங்களுக்கு ஜெபமாலை கொடுக்கும் காட்சி ஓவியமாக இருக்கிறது. வரைந்தவர் ஜொவான்னி பத்திஸ்தா தியெப்போலோ. 1696-ல் வெனிஸில் பிறந்தவர். அதே கோயிலின் ஒரு பக்கபீடத்துக்கு, 1740-களில் அவர் வரைந்து கொடுத்ததுதான் நாம் பார்க்கப் போகும் படம். மேலே மேகத்தில் மாதா. கீழே சாமிநாதர் சபையின் மூன்று பெண் புனிதர்கள்: சியன்னா ஊர் கத்தரீன், லீமா ஊர் ரோஸ், மொந்தேபுல்சியானோ ஊர் ஆக்னஸ். கத்தரீன் கையில் பாடுபட்ட சுரூபம். குழந்தை இயேசுவை ரோஸ் கையில் ஏந்தியிருக்கிறார்.

இந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆக்னஸ் 1317-ல் காலமானார். கத்தரீன் பிறந்தது 1347-ல். ரோஸ் பிறந்தது 1586-ல், அதுவும் கடல் தாண்டி பெரு நாட்டில். நம் கோயில் பிராகாரத்தில் அறுபத்துமூவரையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி காலத்தை ஒதுக்கிவிட்டு ஒன்றுசேர்த்த கூட்டம் இது.

வெள்ளையில் எத்தனை வெள்ளை

தியெப்போலோ வரைந்த பாணிக்கு ரொக்கோகோ என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்த பாணி. அதற்கு முந்தைய பரோக் ஓவியங்களில் இருட்டும் வெளிச்சமும் மல்லுக்கு நிற்கும். ரொக்கோகோவில் இருட்டு விலகி, காலை வெயில் மாதிரி வெளிச்சம் படம் முழுக்கப் பரவும். இளநீலம், இளஞ்சிவப்பு, சந்தன நிறம் என்று எல்லாம் மிருதுவான நிறங்கள். அரண்மனைச் சுவர்கள், ராணிகளின் அறைகள், தோட்டத்து விருந்துகள் என்று சுகவாசிகளுக்காகவே வளர்ந்த பாணி அது. அந்தப் பாணியில், சுகத்தையே வேண்டாம் என்று சொன்ன மூன்று பெண்களை வரைய வேண்டிய வேலை தியெப்போலோவுக்கு வந்தது.

அவர்கள் போட்டிருப்பது சாமிநாதர் சபை உடுப்பு. வெள்ளை அங்கி, அதன் மேல் கறுப்புப் போர்வை. அவ்வளவுதான். ஜரிகை இல்லை, பூ வேலை இல்லை. ஆனால் அந்த வெள்ளையைப் பாருங்கள். வெளிச்சம் விழும் இடத்தில் பால் வெள்ளை, மடிப்புக்குள் சாம்பல், நிழலில் கொஞ்சம் நீலம். ஆஃப் ஒயிட்டுக்கும் மில்கி ஒயிட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆன கதை நம் பக்கத்தில் எத்தனை உண்டு! லேப் டிப் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, இந்த ஓவியர் வெள்ளையில் எவ்வளவு வேலை செய்திருக்கிறார் என்பது சட்டென்று புரியும்.

படம் அழகு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சாந்தமான முகங்களுக்குப் பின்னால் நடந்த சண்டை எதுவும் படத்தில் இல்லை. அந்தச் சண்டை நம் வீடுகளிலும் நடக்கிற சண்டை. அதற்காகத்தான் இந்த வாரம் இந்தப் படத்தை எடுத்தேன்.

அக்கா போய்விட்டாள், தங்கையைக் கட்டு

கத்தரீனின் அப்பா ஜாக்கோமோ, சியன்னாவில் சாயத்தொழில் செய்தவர். கம்பளி நூலுக்கும் துணிக்கும் சாயம் ஏற்றுவது அவர் வேலை. நம் பக்கம் மஞ்சிட்டியும் அவுரியும் சாயத்துக்குப் பயன்பட்டது போல, அவற்றின் உறவுச் செடிகளும் ஒத்த செடிகளும் அந்தக் கால இத்தாலியில் சிவப்புக்கும் நீலத்துக்கும் பயன்பட்டன. சாயம் ஒட்டுவதற்குப் படிகாரம். வீடு இருந்தது ஃபொந்தெபிராந்தா என்ற பெரிய நீரூற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில். சியன்னா மலைமேல் இருக்கும் ஊர், ஆறு கிடையாது. பூமிக்கடியில் சுரங்கம் வெட்டித்தான் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதனால் தண்ணீருக்கு ஒரு வரிசை வைத்திருந்தார்கள். முதல் தொட்டி குடிக்க, அது நிரம்பி வழிவது கால்நடைக்கு, அதற்கடுத்தது துவைக்க. சாயமும் தோலும் அதற்கெல்லாம் பிறகுதான். நொய்யல் தண்ணீர் என்ன ஆனது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஏன் மூடிக் கிடந்தன என்பதெல்லாம் தெரிந்த நமக்கு, அந்த வரிசையின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அம்மா பெயர் லாப்பா. இருபத்தைந்து பிள்ளைகள் பெற்றவர் என்கிறார்கள். கத்தரீன் அதில் கடைசிக்குச் சற்று முந்தியவர். இரட்டையராகப் பிறந்ததில் கூடப் பிறந்தவள் தங்கவில்லை. கத்தரீனுக்கு மிகவும் பிடித்த அக்கா பொனவெந்தூரா. அந்த அக்கா 1362-ல் பிரசவத்தில் இறந்துபோனார். அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். "அக்கா போயிட்டா, மாப்பிள்ளைக்குத் தங்கச்சியைக் கட்டி வச்சிடலாம்" என்று பேச்சு கிளம்பியது. கத்தரீனுக்கு அப்போது பதினைந்து வயது.

மாட்டேன் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. முதலில் சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு ஒருநாள் தன் நீளமான தலைமுடியை வெட்டி எறிந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தானே!

வீட்டுக்குக் கோபம் வந்தது. வேலைக்காரியை நிறுத்திவிட்டு, சமையல், பாத்திரம், துணி என்று அத்தனை வேலையையும் கத்தரீன் தலையில் கட்டினார்கள். அவருக்கென்று இருந்த சின்ன அறையையும் பிடுங்கிக்கொண்டார்கள். தனியாக உட்கார இடம் இருப்பதால்தானே இந்தப் பிடிவாதம் என்று நினைத்தார்கள்.

அவர் வரலாற்றை எழுதிய கபுவா ஊர் ரைமொந்து, கத்தரீனின் ஆன்ம ஆலோசகராக இருந்தவர். அவர் சொல்லும் விஷயம் இது. அறை போனதும் கத்தரீன் மனசுக்குள்ளேயே ஒரு அறை கட்டிக்கொண்டாராம். எத்தனை பேருக்குச் சமைத்தாலும், எத்தனை பாத்திரம் தேய்த்தாலும், அந்த அறையிலிருந்து யாராலும் அவரை வெளியே இழுக்க முடியவில்லை.

இது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் அப்பா தற்செயலாக உள்ளே வந்தபோது, மகள் மூலையில் முழந்தாளிட்டு ஜெபம் செய்வதையும், தலைக்கு மேல் ஒரு வெள்ளைப்புறா இருப்பதையும் பார்த்தார் என்று கதை. புறா உண்மையோ இல்லையோ, அதற்குப் பிறகு அவர் செய்தது உண்மை. இனி இவளை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு போட்டார். அறை திரும்பக் கிடைத்தது. கல்யாணப் பேச்சு நின்றது.

அந்த ஒரு உத்தரவுக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? முறையாகப் படிக்காத அந்தப் பெண், வீட்டிலிருந்தபடியே சாமிநாதர் சபையின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். கொள்ளைநோயில் விழுந்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிய அவருடைய கடிதங்கள் கிட்டத்தட்ட 380 இன்றும் இருக்கின்றன. பிரபுக்களுக்கும் ராணிகளுக்கும் போப்பாண்டவருக்கும் எழுதியவை. அந்தக் காலத்தில் போப்பாண்டவர்கள் ரோமை விட்டுப் பிரான்ஸ் பக்கம் அவிஞோனில் தங்கியிருந்தார்கள். "ரோமுக்குத் திரும்புங்கள்" என்று பதினொன்றாம் கிரகோரியாருக்குக் கடிதம் எழுதியதோடு நிற்காமல், 1376-ல் நேரிலும் போய்ச் சொன்னார். மறு ஆண்டு ஜனவரியில் அவர் ரோமுக்குத் திரும்பினார். 1970-ல் கத்தோலிக்கத் திருச்சபை கத்தரீனுக்கு 'மறைவல்லுநர்' பட்டம் கொடுத்தது. பெண்களில் அந்தப் பட்டம் முதன்முதலாகக் கிடைத்த இருவரில் ஒருவர், இந்தச் சாயக்காரர் மகள்.

தோட்டத்துக் குடிசை

ரோஸின் கதை நம்மை இன்னும் நெருங்கி வருகிறது. அப்பா போர்வீரர். பணம் போட்ட சுரங்க முயற்சி நொடித்து, குடும்பம் கஷ்டத்துக்கு வந்தது. ரோஸ் தோட்டத்தில் பூ வளர்த்து விற்றார். இரவெல்லாம் உட்கார்ந்து எம்பிராய்டரியும் லேஸ் வேலையும் செய்தார். அந்த வருமானத்தில் வீடு நடந்தது. இதை எழுதும்போது கைமடி, காஜா பட்டன், பிசிறு வெட்டுவது என்று கம்பெனியிலிருந்து மூட்டை வாங்கி வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு திண்ணையில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் நம் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

ரோஸுக்கும் கல்யாணம் பேசினார்கள். பெண் அழகு, நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தால் குடும்பம் நிமிரும் என்ற கணக்கு. ரோஸும் முடியை வெட்டினார். முகம் கெடட்டும் என்று காரத்தைத் தேய்த்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். சிறு வயதிலிருந்தே அவருக்கு முன்மாதிரி கத்தரீன்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் வேறு கண்டத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதை, இந்தப் பெண்ணுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது.

கடைசியில் ரோஸுக்கும் ஒரு இடம் கிடைத்தது. பெற்றோர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சின்னக் குடிசை. அங்கேதான் ஜெபம், அங்கேதான் ஊசி வேலை. வீட்டிலேயே ஒரு அறையில் ஏழை நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொண்டார். 1671-ல் புனிதர் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவர்களில் முதல் புனிதர் அவர்தான்.

ஆக்னஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவருக்கு வீட்டில் பெரிய போராட்டம் இல்லை. ஒன்பது வயதில் அவர் கேட்டபடியே மடத்துக்கு அனுப்பினார்கள். அந்த மடத்துக் கன்னியர்களை ஊரில் 'சாக்குச் சகோதரிகள்' என்றார்கள், உடுத்திய முரட்டுத்துணியால். 1726-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. தியெப்போலோ இந்தப் படத்தை வரைந்தபோது அது புதுச் செய்திதான்.

"எனக்குச் சோறு வேண்டாம்"

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கத்தரீன் 33 வயதில் இறந்துபோனார். கடைசி வருஷங்களில் சாப்பாடே இறங்கவில்லை. ரோஸ் 31 வயதில். அவரும் உண்ணாமல் உறங்காமல் உடம்பை வருத்தியவர். இதை யாரும் பின்பற்ற வேண்டிய புண்ணியமாக நினைக்க வேண்டாம். காலையில் வண்டி வந்துவிடும் என்று வெறும் டீயைக் குடித்துவிட்டு ஓடும் பெண்கள் நிறைந்த ஊரில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பக்தியால் செய்தார்கள், சரி. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாரைக் கட்டுவது, எங்கே இருப்பது, என்ன வேலை செய்வது என்று எதுவுமே தன் கையில் இல்லாத ஒரு பெண்ணுக்கு, தன் இஷ்டப்படி செய்ய எது மிச்சம்? தலைமுடி, முகம், வயிறு. இந்த மூன்றுதான். அவற்றை வைத்துத்தான் அந்தப் பெண்கள் பேசினார்கள்.

நம் வீடுகளிலும் இதே பாஷைதான். "எனக்குச் சோறு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒரு பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால், அவள் சொல்வது சோற்றைப் பற்றி அல்ல. வாயைத் திறந்து சொன்னது எடுபடவில்லை என்பதால் தட்டைத் தள்ளி வைக்கிறாள். அம்மாக்களுக்கு அது தெரியும். தாங்களும் ஒரு காலத்தில் அப்படிப் படுத்தவர்கள்தானே. இருந்தும், "ரெண்டு நாளு பட்டினி கிடந்தா தானா சரியாயிடுவா" என்று சொல்கிற வீடுகளும் உண்டு. மூன்று வருஷம் மில்லில் வேலை செய்து தன் கல்யாணப் பணத்தைத் தானே சேர்த்துக்கொண்டு வரும் பெண்ணிடம்கூட, மாப்பிள்ளை யார் என்று கடைசியில்தான் சொல்கிறோம்.

நம் பழைய கதைகளுக்கும் இது புதிதில்லை. மனிதருக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்ற ஆண்டாளும், கணவன் விலகிய பிறகு அழகும் சதையும் வேண்டாம் என்று பேயுருவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையாரும் நம் சாமிகள். கோயிலில் கும்பிடுகிறோம். நம் வீட்டுப் பெண் அதில் நூற்றில் ஒரு பங்கு பேசினால், "வாயாடி" என்கிறோம்.

புடவை கட்டிய மாதா

தியெப்போலோ வெனிஸில் வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே வட இத்தாலிப் பக்கத்தில் பிறந்த இன்னொருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, நம் வீரமாமுனிவர். 1680-ல் பிறந்து 1747-ல் காலமானவர். விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய கோயிலில் மாதாவுக்குப் பெயர் பெரியநாயகி. தமிழ்ப்பெண் போலப் புடவை கட்டிய வடிவத்தில் மாதாவைப் படமாக வரையச் சொல்லி, மணிலாவுக்கு அனுப்பிச் சுரூபம் செய்து வரவழைத்தார் என்று அங்கே வழிவழியாகச் சொல்வார்கள்.

வெனிஸ்காரர் புனிதப் பெண்களை வெளிச்சத்துக்குள் உயரத் தூக்கி வைத்தார். வீரமாமுனிவரோ மாதாவை நம் தெருவுக்கு இறக்கி, நம் துணியை உடுத்திவிட்டார். எது உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் புனிதர்களை நம் துணியில் பார்க்கும்போது, அவர்களுக்கும் ஒரு வீடு, ஒரு அம்மா, ஒரு சமையல்கட்டு இருந்தது ஞாபகத்துக்கு வருகிறது.

தியெப்போலோவின் படத்தில் இல்லாத ஒரு ஆளை நினைத்துப் பார்க்கிறேன். சாயக்காரர் ஜாக்கோமோ. கறை படிந்த கைகளோடு கதவருகே நின்று, "இனி இவளை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது" என்று சொன்ன அப்பா. அவருக்குப் பெரிய படிப்பு கிடையாது, மகளை முழுசாகப் புரிந்துகொண்டார் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் சொன்னார். அம்மா லாப்பாவுக்கு இன்னும் நாளானது. முடிவில் அவரும் மகள் இருந்த அதே மூன்றாம் சபையில் சேர்ந்தார். மகள் போன பிறகும் பல வருஷம் உயிரோடு இருந்தார்.

நம் வீடுகள் சின்னவைதான். இரண்டு அறை லைன் வீட்டில் நான்கு பேர் இருக்கும்போது பெண்ணுக்குத் தனி அறைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். அறை இல்லாவிட்டால் ஒரு மூலை. ஒரு அலமாரித் தட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம், யாரும் "அம்மணி, தண்ணி கொண்டா" என்று கூப்பிடாத ஒரு மணி நேரம். கல்யாணப் பேச்சு எடுக்கும் முன் ஒரு தடவை, "உனக்கு என்ன தோணுது கண்ணு?" என்ற கேள்வி. பதில் வரும்வரை காத்திருக்கும் பொறுமை.

அவள் துறவியாகப் போகப் போவதில்லை. இன்னும் கொஞ்சம் படிக்கிறேன் என்பாள். இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்பாள். சம்பளத்தில் பாதியை என் பெயரில் போட்டு வைக்கிறேன் என்பாள். இதையெல்லாம் அவள் தட்டைத் தள்ளி வைக்காமலே, வாயால் சொல்ல முடிகிற வீடாக நம் வீடு இருக்கிறதா? இந்த வாரம் அதை மட்டும் யோசித்துப் பாருங்கள். முடிந்தால் எழுதுங்கள், அப்பாக்கள் எழுதினால் இன்னும் சந்தோஷம்.